ஆற்றுப் பூச்சிகளை வாழிடவாரியாகப் பிடித்து எண்ணுவது எப்படி?

தாமிரபரணி போன்ற ஓர் ஆற்றில் நூறு மீட்டர் நீளம் போதும். கூழாங்கல் மேல் சலசலத்து ஓடும் இடம், அதையடுத்த மடு, கரையோர நாணல், கல் இடுக்கில் அடைந்த சருகு என நான்கு வாழிடங்கள் தேறும். நான்கையும் ஒரே வாளியில் கொட்டினால் பட்டியல் நீளும், எது எங்கே வாழ்கிறது என்பது மட்டும் தெரியாது. ஆகவே வாழிடத்துக்கு ஒரு டப்பா.

ஜனவரி முதல் மே வரை இறங்கலாம். வெள்ளம் பூச்சிகளை அடித்துப் போய்விடும், அதனால் வெள்ளம் வடிந்து மூன்று வாரமாவது பொறுங்கள். அணைக்குக் கீழே என்றால் தண்ணீர் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாமிரபரணி பாயும் முண்டந்துறைக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

வலையின் கண் அரை மில்லிமீட்டர் இருக்கட்டும். கொசுவலை வேண்டாம், சின்னப் புழுக்கள் அதில் நழுவிவிடும். வட்ட வலையும் வேண்டாம், அடியில் சந்து விழும். ஒரு பக்கம் நேராக உள்ள 30 செ.மீ. வலைதான் தரையோடு ஒட்டி நிற்கும். இவற்றோடு வெள்ளை டிரே, மெல்லிய இடுக்கி, 7.5 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய், பென்சில்.

1. கீழிருந்து மேலாக நடங்கள். மேலே கலக்கிவிட்டுக் கீழே வந்தால், கலக்கியது எல்லாம் அடுத்த மாதிரியில் சேரும்.

2. ஓடும் நீரில் வலையின் வாய் மேல்பக்கம் பார்க்கட்டும். அதன் முன்னால் 30×30 செ.மீ. சதுரத்தில் உள்ள பெரிய கற்களைக் கையால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஐந்து செ.மீ. ஆழத்துக்கு ஒரு நிமிடம் காலால் கிளறுங்கள். வேகமான நடுப்பகுதி, மிதமான இடம், ஓரம் என மூன்று சதுரம்.

3. மடுவில் இந்த முறை பலிக்காது. ஓட்டம் இல்லாததால் எதுவும் வலைக்குள் வராது. குழாயை 10 செ.மீ. அழுத்தி, மேல்வாயைக் கையால் அடைத்து, அடியில் இன்னொரு கை கொடுத்துத் தூக்குங்கள். ஐந்து குத்து போடுங்கள்.

4. நாணலில் ஒரு மீட்டர் நீளத்துக்கு அடியிலிருந்து மேலாக ஐந்து முறை வலையை வீசி இழுங்கள். சருகை, அடியில் வலை பிடித்தபடியே அள்ளுங்கள்.

பலர் தடுமாறுவது அடுத்து வரும் கணக்கில். மூன்று சதுரம் 2,700 சதுர செ.மீ., ஐந்து குத்து சுமார் 220. எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டால் மடு வெறிச்சோடித் தெரியும். சதுர மீட்டருக்கு மாற்ற முதலாவதை 3.7-ஆலும் இரண்டாவதை 45-ஆலும் பெருக்குங்கள். சருகுக்குப் பரப்பு கிடையாது. காயவைத்து எடைபோட்டு, கிராமுக்கு இத்தனை என்று எழுதுங்கள். நாணலுக்கும் சருகுக்கும் மற்றவற்றோடு ஒப்பிட ஒரே வழி, மொத்தத்தில் எந்த வகை எத்தனை சதவீதம் என்பதுதான்.

டிரேயில் நண்டையும் தட்டான் இளம்பூச்சியையும் உடனே பிரித்துவிடுங்கள், மற்றவற்றைத் தின்றுவிடும். மிச்சத்தை 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில் போட்டு, மறுநாள் புது ஆல்கஹால் மாற்றுங்கள். பூச்சியின் உடல்நீர் அதை நீர்க்க வைத்திருக்கும். லேபிள் டப்பாவுக்குள்ளேயே, பென்சிலில். பேனா மை கரைந்துவிடும்.

மேஃபிளையும் ஸ்டோன்ஃபிளையும் இளம்பருவத்தை நீரில் கழிக்கும் பூச்சிகள். இளம்பூச்சிகளை அடையாளம் காண வாலை எண்ணுவது வழக்கம்: மேஃபிளைக்கு மூன்று, ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு. ஆனால் இரண்டு வால் மேஃபிளைகளும் உண்டு. காலின் நுனி நகத்தைப் பாருங்கள்: ஒன்றென்றால் மேஃபிளை, இரண்டென்றால் ஸ்டோன்ஃபிளை. வயிற்றின் இருபுறமும் செவுள் வரிசை தெரிந்தால் அது மேஃபிளையேதான். கல்லில் காசு மாதிரி ஒட்டிக்கிடக்கும் தட்டையான உயிர் ஒரு வண்டின் புழு. அதைச் சிப்பி என்று எழுதிவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: மடுவில் சிவப்புப் புழு கண்டதும் "ஆறு கெட்டுவிட்டது" என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அது கைரனோமிட் என்ற, கொசு போன்ற ஆனால் கடிக்காத பூச்சியின் புழு. அதன் சிவப்பு, ஆக்சிஜன் குறைந்த சேற்றில் தாக்குப்பிடிக்க உதவும் ஹீமோகுளோபின். சுத்தமான ஆற்றின் மடுச் சேற்றிலும் அது இருக்கும். சாக்கடை கலக்கும் இடத்தை மேலேயுள்ள இடத்தோடு ஒப்பிடுவதானால், கூழாங்கல்லைக் கூழாங்கல்லோடு, மடுவை மடுவோடு வையுங்கள். நீரோட்ட வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு, ஐந்து மீட்டர் போக எத்தனை வினாடி என்று பார்த்தால் போதும்.