ரக்பிக்கு வீரர்களைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூன் மாதம் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்து, ஆறு அணிகளுள் சென்னை புல்ஸ் கோப்பையை வென்ற பிறகு, குமரி மாவட்டத்திலும் இந்த விளையாட்டுக்கு வீரர் தேடும் இளம் பயிற்சியாளர்கள் சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். கபடி ஊறிப்போன உள்ளூர்களும், தூத்தூர் முதல் நீரோடி வரை கால்பந்தே மூச்சாக இருக்கும் கடற்கரையும், விடியுமுன் எழுந்து உழைக்கும் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து மலையோரமும் இருக்கிற மாவட்டத்தில் அவர்கள் தேடுவது முற்றிலும் சரி. ஆனால் அவர்கள் நடத்தும் தேர்வுகளை மைதானத்து ஓரத்தில் நின்று பார்க்கும்போது, எங்கள் தலைமுறைப் பயிற்சியாளர்கள் செய்து, அதன் விலையைக் கொடுத்து, பிறகு கைவிட்ட அதே தவறுகள் மறுபடியும் நடப்பதைக் காண்கிறேன். தண்ணீர், முதலுதவிப் பெட்டி, தேய்ந்த பூட்ஸ் போன்றவற்றை எல்லோரும் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு கணக்கை மட்டும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முதல் லீக்கில் ஓர் அணிக்குப் பதின்மூன்று வீரர்கள். அவர்களில் இந்தியர்களுக்கு ஐந்து இடங்கள். ஆறு அணிகளுக்கும் சேர்த்து நாடு முழுவதற்கும் முப்பது இடங்கள்தான். இன்று பதினான்கு வயதில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் சிறுவன் அந்த இடங்களில் ஒன்றுக்காகப் போட்டியிடப்போவது ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகு. எனவே உங்கள் தேர்வை அடுத்த மாதப் போட்டியின் முடிவைக் கொண்டு அளக்க முடியாது.

பதினான்கு வயதில் உடலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

இதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு; இத்தனை காலத்துக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டுவதும் இதுவே.

பள்ளி மைதானத்துக்கு வருகிற பயிற்சியாளர் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வரிசையில் நிறுத்துகிறார். மீசை அரும்பி, தோள் அகன்று, மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக நிற்கும் சிறுவர்களை முன்னால் வரச் சொல்கிறார். அவர்கள் கையில் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னால், மறிக்க வருகிறவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்து டிரை வைத்துவிட்டு வருகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர் மகிழ்கிறார், பயிற்சியாளர் பெயர்களை எழுதிக்கொள்கிறார், அரை மணி நேரத்தில் தேர்வு முடிந்துவிடுகிறது. அப்போது அவர் தேர்ந்தெடுத்திருப்பது ரக்பித் திறமையை அல்ல. மற்றவர்களுக்கு முன்பாகவே வளர்ந்து முடித்த உடலை.

ஒரே வயதுடைய இரண்டு சிறுவர்களின் உடல் முதிர்ச்சியில் மூன்று, நான்கு ஆண்டு வித்தியாசம் இருப்பது இந்தப் பருவத்தில் இயல்பானது. ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் பதினான்கு வயதையொட்டியும், பெண் பிள்ளைகள் ஏறத்தாழ அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பாகவும் உயர வளர்ச்சியின் உச்ச வேகத்தை அடைகிறார்கள். ஆனால் அது சராசரி மட்டுமே. பன்னிரண்டிலேயே அதைக் கடந்துவிட்டவனும், பதினாறு வரை அதை எட்டாதவனும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். எடையும் தசை வலிமையும் உயரத்துக்குப் பிந்தியே வந்து சேரும் என்பதால், தாமதமாக வளர்கிறவன் இன்னும் கொஞ்ச காலம் மெலிந்தவனாகவே தெரிவான்.

மலையோரப் பள்ளி ஒன்றில் நான் கண்ட இருவரைச் சொல்கிறேன். முதலாமவன் 168 செ.மீ. உயரம், அன்றைய தேர்வில் அவனை வீழ்த்த ஒருவராலும் முடியவில்லை. இரண்டாமவன் 154 செ.மீ.; முதல் மோதலிலேயே தூக்கி எறியப்பட்டான். ஆனால் ஒவ்வொரு முறையும் பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இடைவெளி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகே கைகளை நீட்டினான். விரல்களை விரித்து, பந்தை மார்பில் மோதவிடாமல் கைகளிலேயே வாங்கினான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தேர்வு நடத்தியவர் முதலாமவனை எடுத்துக்கொண்டு, இரண்டாமவனை "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

பெற்றோரின் உயரத்தைக் கேட்டிருந்தால் போதும். தந்தையின் உயரத்தையும் தாயின் உயரத்தையும் கூட்டி, மகனாக இருந்தால் 13 செ.மீ. சேர்த்து, மகளாக இருந்தால் 13 செ.மீ. கழித்து, இரண்டால் வகுத்தால் பிள்ளை எட்டக்கூடிய உயரத்தின் தோராயமான மதிப்பு கிடைக்கும். முதலாமவனின் தந்தை 170, தாய் 157. எனவே அவன் எட்டக்கூடியது 170. அவன் அன்றே அதில் 99 விழுக்காட்டை எட்டிவிட்டான். இரண்டாமவனின் தந்தை 176, தாய் 165. அவன் எட்டக்கூடியது 177, அன்று இருந்தது அதில் 87 விழுக்காடு. உச்ச வேக வளர்ச்சி பெரும்பாலும் 90 விழுக்காட்டையொட்டி நிகழ்வதால், அவனுக்கு அது இனிமேல்தான் வரவேண்டும். இந்தக் கணக்கு எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வரை முன்பின்னாகப் போகக்கூடியது. பிள்ளையின் வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் காமிஸ்-ரோஷ் முறை இதைவிட நுட்பமானது. ஆயினும் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதைவிட இந்த எளிய கணக்கே எவ்வளவோ மேலானது.

பிறகு நடந்ததுதான் என் எரிச்சலுக்குக் காரணம். முதலாமவன் மூன்று ஆண்டுகள் இடித்துத் தள்ளியே வென்றான். வென்றுகொண்டிருந்தவனுக்குப் பக்கவாட்டில் விலகவோ, மோதலுக்கு முன் பந்தைக் கைமாற்றவோ கற்றுத்தர யாருக்கும் தோன்றவில்லை. பதினெட்டு வயதில் மற்றவர்கள் அவனுடைய எடையை எட்டிப்பிடித்தபோது அவனிடம் வேறு எந்த ஆயுதமும் இல்லை. வெட்கப்பட்டு விளையாட்டையே விட்டுவிட்டான். இரண்டாமவன் 178 செ.மீ. வரை வளர்ந்தான், ஆனால் அதற்குள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒரே நாளில், ஒரே முடிவால், இரண்டு வீரர்களை இழந்தோம். அந்தத் தேர்வு நன்றாக நடந்ததாகவே அன்று எல்லோரும் நம்பினார்கள் என்பதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்தியாவில் தொழில்முறையாக ஆடப்படுவது எழுவர் ரக்பி என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். பதினைந்து பேர் ஆடுகிற அதே பரப்பில், ஏறத்தாழ நூறு மீட்டர் நீளமும் எழுபது மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், ஏழு பேர் மட்டுமே ஓடுகிறார்கள். அங்கே பருமனைவிட, மறுபடி மறுபடி முழு வேகத்தில் ஓடும் திறனும் இடைவெளியைக் காணும் கண்ணுமே ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி ஏறத்தாழ 171 செ.மீ. உயரம் உடையவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பியில் வெண்கலம் வென்று, பதினைவர் ரக்பியில் 2019, 2023 உலகக் கோப்பைகளையும் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் தங்கம் வெல்லக் காரணமாக இருந்த அந்துவான் துப்போனும் நெட்டை உடல்காரர் அல்லர். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் இவர்கள் சிறுவர்களாக வந்து நின்றிருந்தால், நம்முடைய எத்தனை பயிற்சியாளர்கள் பெயரை எழுதியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே சுவரில், ஒரே நேரத்தில், செருப்பில்லாமல் அளந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். காலையில் அளந்ததையும் மாலையில் அளந்ததையும் ஒப்பிடாதீர்கள். பகல் முழுவதும் நின்று நடந்தால் முதுகெலும்பு அமுங்கி, மாலையில் உயரம் சற்றுக் குறையும். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறியவனுக்கு ஓட்டமும் குதிப்பும் குறைந்த பயிற்சி கொடுங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கத் தொடங்குவதும், நேற்றுவரை லாவகமாக ஓடியவன் திடீரெனத் தடுமாறுவதும் அந்தக் காலத்தில்தான். டாக்கிள் பயிற்சிக்கு, அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்தும் பயிற்சிக்கு, வயதுப்படி அல்லாமல் வளர்ச்சி நிலைப்படி குழு பிரியுங்கள். முன்பே வளர்ந்தவன் தன்னைப் போன்ற உடல்களோடு மோதினால்தான் விலகி ஓடக் கற்றுக்கொள்வான். பிந்தி வளர்பவனும் அடிபட்டு ஓடிப்போகாமல் இருப்பான். தேர்வுக்குப் பிறகு இரண்டு பட்டியல்கள் வைத்திருங்கள்: எடுத்தவர்கள், காத்திருப்பவர்கள். இரண்டாவது பட்டியலில் இருப்பவர்களை வாரம் ஒருமுறையாவது பயிற்சிக்கு வரச் சொல்லுங்கள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை அடுத்த வருஷம் வருவதில்லை.

ஒரு நாள் ஓட்டத்தை நம்புவது

நாற்பது மீட்டர் ஓட்ட நேரத்தை எழுதும் முன்பு அந்தப் பிள்ளை காலையில் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று கேளுங்கள். பால்வெட்டுக்குப் போகும் தந்தையோடு இருட்டிலேயே எழுந்து, சரிவில் ஏறி இறங்கி, ரப்பர் பால் சேகரித்துக் கொடுத்துவிட்டு ஒன்பது மணித் தேர்வுக்கு வருகிற பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய நேரத்தையும் வீட்டிலிருந்து பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடப்பட்டவனின் நேரத்தையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுவது நியாயமல்ல. குறைந்தது மூன்று வெவ்வேறு நாள்களில் பாருங்கள். முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இடையே, சொல்லிக்கொடுத்த ஒன்றை எவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொண்டான் என்பதே ஓட்ட நேரத்தைவிட அதிகம் சொல்லும்.

கபடி வீரரை அப்படியே களத்தில் இறக்குவது

கபடி வீரர்கள் ரக்பிக்குக் கிடைத்த பெரும் செல்வம். தாழ்ந்து நிற்பதும், எதிராளியின் இடுப்பைப் பார்த்து அவன் போகும் திசையைக் கணிப்பதும், காலைப் பிடிக்கும் துணிவும் அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. ஆனால் மூன்று பழக்கங்களை மாற்றாமல் அவர்களைப் போட்டியில் இறக்கினால் ஆபத்து.

முதலாவது, டேஷ். கபடியில் ரெய்டரைத் தோளால் இடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளினால் கைத்தட்டல். ரக்பியில் கைகளால் அணைத்துப் பிடிக்க முயலாமல் தோளால் மட்டும் இடித்தால் பெனால்டி, அது தலையில் பட்டால் சிவப்பு அட்டை வரை போகும். இரண்டாவது, பிடித்ததை விடாமல் இருப்பது. கபடியில் பிடியைத் தளர்த்தினால் புள்ளி போய்விடும். ரக்பியில் பந்து வைத்திருப்பவனைத் தரையில் வீழ்த்தியவுடன் அவனை விட்டுவிட்டு விலக வேண்டும், இல்லையென்றால் பெனால்டி. பல ஆண்டுகள் பழகிய கை, மூளை சொன்னாலும் விடாது. எனவே வீழ்த்துவது, விடுவது, எழுவது என்ற மூன்றையும் ஒரே அசைவாக ஆகும்வரை திரும்பத் திரும்பச் செய்யவையுங்கள்.

மூன்றாவதுதான் உயிரோடு தொடர்புடையது: தலையை வைக்கும் இடம். தொடைப் பிடியில் பலர் தலையை ஓடுகிறவனின் உடலுக்கு முன்னால் கொண்டுபோகிறார்கள். ஏழு பேர் பின்னால் நின்று, ஒருவன் பாடிக்கொண்டு வருகிற கபடிக் களத்தில் அது ஓரளவு தாங்கும். முப்பது மீட்டர் முழு வேகத்தில் ஓடிவருகிற எண்பது கிலோ உடலுக்கு முன்னால் தலையை வைத்தால் அவனுடைய முழங்காலோ இடுப்பெலும்போ நேராகத் தலையில் இறங்கும். ரக்பியில் தலை எப்போதும் ஓடுகிறவனின் பின்பக்கம். கன்னம் அவனுடைய பின்னிடுப்பில் ஒட்டியிருக்க வேண்டும். முதலில் இருவரும் மண்டியிட்டபடியே இதைப் பழகவையுங்கள். பிறகு நடந்து, பிறகு மெல்ல ஓடி. நம்முடைய பள்ளி மைதானங்களின் இறுகிய செம்மண்ணில் தோளைக் கெடுத்துக்கொள்ளாமல், சங்குத்துறையிலோ முட்டத்திலோ ஈர மணலில் தொடங்குவது நல்லது. வலது தோளுக்கு எத்தனை முறையோ இடது தோளுக்கும் அத்தனை முறை. பலவீனமான பக்கத்தில்தான் தலை தவறான இடத்துக்குப் போகிறது.

கால்பந்து ஆடுபவர்களை எல்லாம் விங்கில் நிறுத்துவது

வேகம் இருக்கிறது என்பதற்காக ஓரத்தில் நிறுத்திவிட்டால், களம் முழுவதையும் பார்த்து ஆட்டத்தை நடத்தக்கூடிய கண்களை வீணாக்குகிறீர்கள். நடுக்களத்தில் ஆடிய பிள்ளையை ரக்பியிலும் நடுவிலேயே வைத்துப் பாருங்கள்.

தலையில் அடிபட்டவரைத் திரும்ப இறக்குவது

கூடாது. மயங்கி விழாவிட்டாலும் கூடாது. "எனக்கு ஒன்றும் இல்லை, அண்ணா" என்று அவனே சொன்னாலும் கூடாது. மருத்துவரிடம் காட்டிவிட்டு, 21 நாள்களுக்கு முன் போட்டியில் சேர்க்காதீர்கள்.

புரோட்டீன் டப்பா

வேண்டாம். கலப்படமான ஒரு டப்பாவால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், தெரியாமல் சாப்பிட்டேன் என்பது விடுதலை தராது. மரச்சீனியோடு சாளை மீனும், முட்டையும், பயறும் வீட்டிலேயே கிடைக்கின்றன.

வயதுச் சான்று

அசலைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சேர்க்காதீர்கள்.

குடும்பத்தாரைக் கடைசியில் சந்திப்பது

மாநில அணிக்குத் தேர்வான பிறகு, பயணத்துக்குக் கையெழுத்து வாங்குவதற்காக முதன்முறையாக வீட்டுக்குப் போகும் பயிற்சியாளருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மறுப்புதான். மகனை வேறு ஊருக்கு அனுப்பச் சொல்கிறவரை அந்தத் தந்தை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். காயம் ஏற்பட்டால் யார் செலவு செய்வார்கள், பள்ளித் தேர்வு என்னவாகும், இருபத்தைந்து வயதுக்குப் பிறகு என்ன வேலை என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வைத்துக்கொண்டு, பிள்ளையை முதல் பட்டியலில் எழுதிய வாரத்திலேயே போங்கள். இரண்டாவது பட்டியலில் இருப்பவன் வீட்டுக்கும் போங்கள். வளைகுடா விசாவைப் பற்றிய பேச்சு முதலில் நடப்பது அந்த வீட்டில்தான்.

கடற்கரை ஊர்களில் இதற்குக் காலம் பார்க்க வேண்டும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். தாயிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் முடிவு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டம் பக்கத்துக் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், தந்தைமார் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்கான தேர்வுகளையும் வீட்டுச் சந்திப்புகளையும் அந்தந்தக் கரையின் தடைக்காலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் அது மழைக்காலமாகவும் இருப்பதால், மைதானம் நனைந்து இளகியிருக்கும்போதே டாக்கிள் பயிற்சியையும் தொடங்கிவிடலாம்.