1996–98 மத்திய அமைச்சரவையைக் குழப்பமில்லாமல் படிப்பது எப்படி

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு வருஷத்தைச் சொன்னதும் தலையைச் சொறிவார்கள். வாஜ்பாய், தேவ கௌடா, குஜ்ரால் என்று மூன்று பிரதமர்கள், நடுவில் யார் எந்தத் துறை என்று ஒரு நீளப் பட்டியல். பட்டியலை அப்படியே உருப்போட்டால் மறுநாள் காலையில் பாதி காணாமல் போயிருக்கும். கட்சியிலிருந்து ஆரம்பியுங்கள், ஆள் தானாக வந்து சேருவார்.

ஒரு முழுத்தாளை எடுத்து உச்சியில் 272 என்று எழுதுங்கள், மக்களவையில் பெரும்பான்மைக்கு வேண்டியது அதுதான். அதன் கீழே 1996 தேர்தலில் கட்சிகள் ஜெயித்த இடங்கள்: பா.ஜ.க. 161, காங்கிரஸ் 140, ஜனதா தளம் 46, மார்க்சிஸ்ட் 32, த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) 20, தி.மு.க. 17. வாஜ்பாய் ஏன் 13 நாளில் இறங்கினார் என்பதற்குத் தனியாக நோட்ஸ் வேண்டாம், இந்த வரியே போதும். ஜனதா தளம், த.மா.கா., தி.மு.க. போன்ற கட்சிகள் சேர்ந்த ஐக்கிய முன்னணிக்கும் சொந்தக் கணக்கு எட்டவில்லை, காங்கிரஸ் வெளியிலிருந்து கை கொடுத்ததால்தான் 1996 ஜூன் 1-ல் தேவ கௌடா பதவியேற்றார்.

அப்புறம் ஒரு பெரிய வட்டம் போடுங்கள். உள்ளே அமைச்சர்கள், வெளியே ஆதரவு மட்டும் தருகிறவர்கள். ஜோதி பாசுவைப் பிரதமராகக் கூப்பிட்டும் அவர் கட்சி வேண்டாம் என்றுவிட்டதால் மார்க்சிஸ்ட் வெளியே. இந்தியக் கம்யூனிஸ்ட் உள்ளே, அதனால் உள்துறை இந்திரஜித் குப்தாவுக்கு. நிறையப் பேர் அவரை மார்க்சிஸ்ட் என்று எழுதி மார்க்கைக் கோட்டை விடுவது இங்கேதான். பாதுகாப்பு முலாயம் சிங் யாதவ், ரயில்வே ராம் விலாஸ் பாஸ்வான். நம்ம ஊர்க்காரர்களைச் சொல்லவே வேண்டாம்: நிதி த.மா.கா.வின் ப. சிதம்பரம், தொழில்துறை தி.மு.க.வின் முரசொலி மாறன். தமிழ்நாட்டின் 39-ல் த.மா.கா.வும் தி.மு.க.வும் மட்டுமே 37 ஜெயித்திருந்தன, பெரிய துறைகள் வராமல் எப்படி?

இப்போது சிவப்புப் பேனா. யார் ஆதரவை இழுத்தார்கள் என்பதை மட்டும் அதில் எழுதுங்கள். 1997 மார்ச் 30-ல் காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி ஆதரவை வாபஸ் வாங்கினார், ஏப்ரல் 11-ல் கௌடா நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார், ஏப்ரல் 21-ல் குஜ்ரால் வந்தார். புதுப் பட்டியல் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அதே ஆட்கள்தான், மாறியதை மட்டும் குறித்தால் போதும். வெளியுறவுத் துறையைக்கூட குஜ்ரால் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இரண்டாவது சிவப்புக் கோடு நேராக தி.மு.க.வில் போய் முட்டும். ராஜீவ் காந்தி கொலை பற்றிய ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை வந்ததும் தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொன்னது காங்கிரஸ். முன்னணி மறுத்தது. நவம்பர் 28-ல் ஆதரவு போனது, குஜ்ராலும் அன்றே ராஜினாமா செய்தார். ஆனால் காபந்து பிரதமராக 1998 மார்ச் 19 வரை நாற்காலியில் இருந்தார், தேதி கேட்டால் இரண்டையும் கலக்காதீர்கள்.

சரி, தாளை மூடிவிட்டு ஒரு கேள்வி. 1997 ஏப்ரல் 25 அன்று நிதியமைச்சர் யார்? சிதம்பரம் என்றால் தப்பு. த.மா.கா. முதலில் குஜ்ரால் அமைச்சரவையில் சேரவில்லை, பிப்ரவரியில் பட்ஜெட் போட்டவர் வெளியே நிற்க, மே 1 வரை நிதித் துறையைப் பார்த்தது குஜ்ராலே. வட்டத்தில் அந்தப் பத்து நாளுக்கு ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள்.