மலிவு விலை கருப்பு ஊலாங்: கெடுப்பது தேயிலையா, நாமா?

ஊலாங் என்பது கிரீன் டீக்கும் கருப்புத் தேநீருக்கும் இடைப்பட்ட தேயிலை. நன்றாக வறுத்த சீன ஊலாங்கை முதல் தடவை குடிப்பவர்கள் "ஒரே கரிந்த வாடை" என்று டப்பாவை மூடி வைத்துவிடுகிறார்கள். அந்த வாடைக்குப் பின்னால் இருக்கிற தேநீர் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம், ஏனென்றால் குறைந்த விலை ஊலாங்கைக்கூட ஒழுங்காகப் போட்டால் அந்த ருசியைத் தாராளமாகவே தரும்.

தவறு வாங்கும்போதே தொடங்குகிறது. சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து வூயி மலை ஊலாங்குகளில் 'தா ஹோங் பாவ்' என்ற பெயருக்குத்தான் மவுசு. ஆனால் அந்தப் பெயருக்குரிய 6 பழைய தாய்ச்செடிகளில் கடைசியாக இலை பறித்தது 2005-ல், அதற்கப்புறம் பறிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்று மலிவாக வருகிற தா ஹோங் பாவ் பெரும்பாலும் பல வகை இலைகளைச் சேர்த்த கலவை. கலவை என்பதால் மட்டம் என்றில்லை, அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதே மலையின் 'ஷுயி ஷியான்' என்ற வகையை வாங்குங்கள். சாதுவான, கனமான தேநீர், கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். பட்டை வாசனைக்குப் பெயர் போன 'ரோ குயி' இன்னும் காரசாரமானது, ஆனால் விலை குறைந்ததில் துவர்ப்பு சீக்கிரம் தலைதூக்கும்.

அடுத்தது தண்ணீர். கிரீன் டீக்குச் சொல்கிற 80 டிகிரியை இதற்கும் பிடித்துக்கொள்கிறார்கள். முறுக்கி, நெருப்பில் நிதானமாக வறுத்த இலை அந்தச் சூட்டில் திறக்காது. மேலே இருக்கிற வறுவல் வாசனை மட்டும் தண்ணீரில் இறங்கி, சப்பென்று இருக்கும். தளதளவென்று கொதித்த தண்ணீரை உடனே ஊற்றுங்கள். கிண்ணத்தையும் முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்கிக்கொள்ளுங்கள். உப்புச்சுவை ஏறிய போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், எவ்வளவு நல்ல இலையையும் அது ஊமையாக்கிவிடும்.

அளவில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நீளநீளமாக முறுக்கிய இலை ஸ்பூனில் குவியலாகத் தெரியும், எடை போட்டால் ஒன்றுமே இருக்காது. சின்ன தராசு ஒன்று வாங்குவது விலை உயர்ந்த தேயிலை வாங்குவதைவிட லாபம். ஒரே இலையில் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றிக் குடிக்கிற தேநீர் இது. மூடி போட்ட 100 மில்லி கிண்ணத்துக்கு 6 கிராம் வரை போட்டு, முதல் சில முறை 10 நொடிக்குள் முழுவதையும் வடித்துவிடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். இலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் கசப்புதான் மிஞ்சும். இவ்வளவுக்குப் பொறுமை இல்லை என்றால் பெரிய கப்பில் 250 மில்லிக்கு 3 கிராம், 3 நிமிடம், அதுவும் நன்றாகவே வரும். பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விட்டுப் பால் சேர்ப்பது மட்டும் வேண்டாம், அதற்கு அசாம் தேயிலை இருக்கிறது.

இன்னொன்று, முதல் கோப்பையிலேயே தீர்ப்பு எழுதிவிடுவது. முதல் இரண்டு முறை வறுவல்தான் பேசும். மூன்றாவதில் அது அடங்கி, ஈரக்கட்டை மாதிரியோ உலர்ந்த பழம் மாதிரியோ ஒரு வாசனை மேலே வரும். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் அது நாக்குக்கு எட்டாது, கொஞ்சம் ஆறட்டும். குடித்து முடித்த வெறும் கோப்பையையும் மோந்து பாருங்கள், சில சமயம் தேநீரில் கிடைக்காத இனிப்பு வாசனை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

வாங்கலாமா வேண்டாமா என்று சோதிக்கிறீர்கள் என்றால் கதை வேறு. சீனாவில் ஊலாங்கின் தரம் பார்ப்பவர்கள் 110 மில்லி கிண்ணத்தில் 5 கிராம் போட்டு முதலில் 2 நிமிடம், பிறகு 3, பிறகு 5 நிமிடம் என்று ஊறவைக்கிறார்கள். குறைகளை வெளியே இழுப்பதற்கான முறை இது, ருசித்துக் குடிப்பதற்கானது இல்லை. கடைசியில் ஊறிய இலையை வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். பழுப்பாக இருந்தாலும் விரல் பட்டதும் மெத்தென்று விரிகிறது, மேலே தவளை முதுகுபோல் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால் நிதானமாக வறுத்திருக்கிறார்கள். கன்னங்கரேலென்று விறைத்து, எத்தனை முறை ஊற்றியும் விரியாத இலை என்றால் மட்டமான சரக்கை நெருப்பால் மறைத்திருக்கிறார்கள். அந்தக் கடையில் அதை மறுபடி வாங்காதீர்கள்.

இலை சரிதான், ஆனால் தேநீரில் நெருப்பு வாடை தூக்கலாக அடிக்கிறது என்றால் வறுத்து அதிக நாள் ஆகியிருக்காது. தூக்கிப் போட வேண்டாம். காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைத்து, மசாலா டப்பாக்கள் பக்கமே போகாமல் சில மாதம் விட்டுவையுங்கள், அந்த முரட்டுத்தனம் இறங்கிவிடும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்துத் திறக்கிறபோது இலையில் ஈரம் கோத்துக்கொள்ளும், ஈரம் ஏறிய வறுத்த ஊலாங் புளிக்கத் தொடங்கிவிடும்.