ஜெல்லிமீன் கேலக்ஸிகள்: படத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேலக்ஸிக் கொத்துகளில் வாயுவையும் தூசையும் இழந்து, அவற்றை ஜெல்லிமீனின் இழைகள்போல வாலாக நீட்டி நிற்கும் கேலக்ஸிகளைப் பற்றி எழுதும்போது, "பக்கத்து கேலக்ஸியின் ஈர்ப்பு உருவிவிட்டது" என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். இருக்கிற தவறுகளில் பெரியது இதுதான். ஈர்ப்பு ஆள் பார்த்து இழுக்காது. வாயுவை இழுத்தால் விண்மீன்களையும் சேர்த்தே இழுக்கும், விண்மீன்கள் பரவியிருக்கும் தட்டே கோணிப்போகும். அதனால் அழகான வாலில் மயங்கும் முன் விண்மீன் தட்டைப் பாருங்கள்.

கன்னிக் கொத்தில், சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் என்ஜிசி 4522 இதற்கு நல்ல சாட்சி. விண்மீன் தட்டு கலையாமல் இருக்கிறது. ஹைட்ரஜனோ நடுப்பகுதியில் மட்டும் தங்கி, மீதியில் பெரும் பங்கு தட்டை விட்டு ஒரே பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது. விண்மீன்களைத் தொடாமல் வாயுவை மட்டும் தள்ள இன்னொரு வாயுவால்தான் முடியும். கொத்தில் கேலக்ஸிகளுக்கு இடையே கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வாயு நிரம்பியிருக்கிறது. காற்றே வீசாத நாளிலும் பைக்கில் விரைபவரின் முகத்தில் காற்று அறைவதுபோல, அதனூடே பாயும் கேலக்ஸியை அந்த வாயு எதிர்த்து அழுத்துகிறது. வானியலாளர்கள் ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் இருவரும் 1972இல் விளக்கிய இந்த அழுத்தத்துக்குத்தான் 'ராம் பிரஷர்' என்று பெயர்.

"ஒரு லிட்டர் இடத்தில் சில துகள்களே இருக்கும் வாயு என்ன செய்துவிடும்?" என்று அடுத்த கேள்வி வரும். அடர்த்தியை மட்டும் பார்ப்பதால் வரும் சந்தேகம் இது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. கொத்துக்குள் நொடிக்கு 1000 கி.மீ. என்பது சாதாரண வேகம். அந்த அழுத்தத்துக்கும் எல்லாம் போய்விடுவதில்லை. ஈர்ப்புப் பிடி தளர்ந்த ஓரத்து ஹைட்ரஜன் முதலில் கழன்றுகொள்ளும். மையத்தை ஒட்டி, விண்மீன்கள் பிறக்கும் அடர்ந்த மூலக்கூறு மேகங்கள் எளிதில் அசையாது. "வாயு முழுக்கப் போய்விட்டது" என்று எழுதும் முன், எந்த வாயு, தட்டின் எந்தப் பகுதியில் என்று கேட்பது நல்லது.

தூசு வாயுவோடு சேர்ந்தே நகரும். அதே கன்னிக் கொத்தின் என்ஜிசி 4402 கேலக்ஸியை ஹபிள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். தூசுத் தட்டு வில்லாக வளைந்திருக்கும். ஓரத்தில் கருப்பு இழைகள் நீண்டிருக்கும். சுற்றியுள்ள லேசான வாயு போனபின்னும் அடர்ந்த மேகங்கள் பிடிவாதமாக நிற்பதன் தடம் அது. கொதிக்கும் வாயுவுக்குள் போய்ச்சேரும் தூசு நெடுநாள் தாங்காது, வேகமான அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) மோதிமோதி அதை அரித்துவிடும்.

வாயு போனதும் விண்மீன் பிறப்பு உடனே நின்றுவிடும் என்பதும் அவசர முடிவு. அழுத்தம் ஏறும்போது மேகங்கள் நெருக்கப்பட்டுச் சில காலம் பிறப்பு கூடவும் செய்யலாம். சுமார் 22 கோடி ஒளியாண்டு தொலைவில் நார்மா கொத்தில் இருக்கும் ஈஎஸ்ஓ 137-001இன் வாலிலேயே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. ஹபிள் படத்தில் நீலக் கோடுகளாகத் தெரிபவை அவைதான். ஆனால் ஹபிளையும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியான சந்திராவையும் இணைத்து வெளியான படத்தில் வரும் அகன்ற நீல வால் சூடான வாயு வெளியிடும் எக்ஸ் கதிரைக் காட்டப் பூசிய நிறம். இரண்டு நீலத்தையும் ஒன்றாகப் படித்தால் சூடான வாயு முழுவதும் விண்மீன்களாகத் தோன்றும். படக்குறிப்பைப் படிக்காமல் நிறத்தை நம்பாதீர்கள்.

கொத்தில் புதிய விண்மீன்கள் பிறக்காமல் சிவந்துபோன கேலக்ஸிகள் எல்லாவற்றுக்கும் இதே காரணத்தைச் சொல்வதும் சரியல்ல. தட்டில் இருக்கும் வாயு அப்படியே இருக்க, வெளியிலிருந்து புது வாயு வருவது நின்றுபோனாலும் கேலக்ஸி மெல்ல ஓயும். லார்சன், டின்ஸ்லி, கால்டுவெல் மூவரும் 1980இலேயே இந்த வழியை முன்வைத்தார்கள்.

கடைசியாக, வால் குட்டையாகத் தெரிந்தால் இழப்பும் குறைவு என்று எண்ண வேண்டாம். நாம் பார்ப்பது தட்டையான படம். ஏபெல் 85 கொத்தின் ஜேஓ201 பெரும்பாலும் நம் பார்வைக் கோட்டிலேயே பாய்கிறது, வாலின் பெரும் நீளம் ஆழத்தில் மறைந்துவிடுகிறது. தட்டின் விண்மீன்களும் தள்ளப்பட்ட வாயுவும் எவ்வளவு வேறுபட்ட வேகத்தில் போகின்றன என்று நிறமாலையில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து) அளந்தே அதைக் கண்டார்கள்.