குறிஞ்சி என்ற பெயருக்குப் பொருள் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண்குழந்தைப் பெயர்களுக்குப் பொருள் தொகுத்துவரும் இளம் நண்பர் ஒருவர், சென்ற மாதம் தம் கையெழுத்துப் படியை என்னிடம் பார்வைக்குக் கொடுத்தார். முல்லை, அல்லி, வானதி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் 'குறிஞ்சி'யில் நின்றுவிட்டேன். "பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்பவள், அரியவள்" என்று எழுதியிருந்தார். 2006-இல் நானும் இதே சொற்களைத்தான் எழுதினேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பூக்கும் கணக்கைப் பெயரின் பொருளாக்குவது

2006-இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. அதே ஆண்டு என் தங்கைக்கு மகள் பிறந்தாள். பெயர் குறிஞ்சி. பெயர்சூட்டு அழைப்பிதழில் பெயருக்குக் கீழே ஒரு வரியில் பொருள் போட வேண்டும் என்றார்கள். "பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் அரியவள்" என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். அந்த அழைப்பிதழைத் தங்கை சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்தாள். பிள்ளை அதைப் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகினாள்.

2018-இல் குறிஞ்சி மறுபடி பூத்தது. நாளிதழில் வந்த படத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்தவள், கீழே இருந்த செய்தியையும் படித்துவிட்டாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "மாமா, இந்தச் செடி ஒரே ஒரு முறை பூத்து, விதை விட்டதும் செத்துப்போகுமாம். அந்தப் பெயரையா எனக்கு வைத்தீர்கள்?"

செய்தி உண்மைதான். நீலக்குறிஞ்சி ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, ஒரே பருவத்தில் மலைச்சரிவு முழுவதும் பூத்து, விதை முற்றியதும் பட்டுப்போகும். அடுத்த முறை பூப்பவை அந்த விதைகளிலிருந்து முளைத்தவை. பூக்கும் கணக்கைப் பொருள் என்று நான் சொன்னதால், அந்தக் கணக்கின் மறுபாதியும் அவள் தலையில் வந்து விழுந்தது. அன்று அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதே வரியை இன்றும் யாராவது எழுதினால் எரிச்சல் வருவது அதனால்தான்.

பழைய பாடல்களில் இந்தப் பூ எப்படி வருகிறது என்று அதன் பிறகுதான் தேடினேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு தேவகுலத்தார் பாடியது. தன் காதல் நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்கிறாள் தலைவி. அவள் காதலனின் நாடு எது? "கருங்கோற் குறிஞ்சிப்பூக் கொண்டு பெருந்தேன் இழைக்கும்" நாடு. கரிய தண்டுள்ள குறிஞ்சியின் பூவிலிருந்து வண்டுகள் தேன் சேர்க்கும் மலைநாடு. ஆண்டுக் கணக்கு அங்கே இல்லை, தேன் இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் வரிசையில் காந்தளுக்கு 'ஒண்செங்' (ஒளிரும் சிவந்த) என்று அடைமொழி உண்டு, குவளைக்கு 'தண்கய' (குளிர்ந்த குளத்து) என்று உண்டு. அடுத்து, ஐந்தாவதாக வரும் குறிஞ்சிக்கு ஓர் அடைமொழியும் இல்லை. அரிய பூ என்று தனியே தூக்கி வைக்காமல், பல பூக்களில் ஒன்றாகவே கபிலர் அதை அடுக்குகிறார்.

தேன் வரியைத் தங்கை மகளுக்குப் படித்துக் காட்டினேன். "கருங்கோல் என்றால்?" என்று கேட்டாள். சொன்னேன். நாளிதழ்ப் படத்தை எடுத்துக் கண்ணருகே வைத்து, தண்டு கருப்பாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

பூவோடு நிறுத்திக்கொள்வது

குறிஞ்சி ஒரு பூவுக்கு மட்டும் உரிய பெயரன்று. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. சேயோன், அதாவது முருகன், உறையும் மைவரை உலகம் (முகில் சூழ்ந்த மலை உலகம்) என்று தொல்காப்பியம் சொல்வது இந்த நிலத்தைத்தான். காதலர் கூடும் ஒழுக்கமும் குறிஞ்சித் திணையே. தேவாரப் பண்களிலும் குறிஞ்சி உண்டு. முருகனை வழிபடும் குடும்பம், இசை பயிலும் குடும்பம் என்று கேட்பவருக்கு ஏற்ப எதை முன்னால் சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றவற்றை விட்டுவிடாதீர்கள்.

ஒலியை வைத்துச் சொல்லைப் பிளப்பது

'குறி' தனி, 'இஞ்சி' தனி என்று பிரித்துப் பொருள் காட்டியவரைப் பார்த்திருக்கிறேன். இது வேர்ச்சொல் ஆராய்ச்சி ஆகாது.

எல்லாக் குறிஞ்சிக்கும் பன்னிரண்டு ஆண்டு என்பது

தவறு. இந்தச் செடியினத்தில் பல வகைகள் உண்டு, ஆண்டுதோறும் பூப்பவையும் உண்டு.

எழுத்து

வல்லின ற. 'குரிஞ்சி' அன்று, 'குறுஞ்சி'யும் அன்று. சான்றிதழில் ஏறும் முன் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.