இடைப்புள்ளிக் கோலத்தில் ஒரு மிளகாய்ப் பாத்தி

பெர்மாகல்ச்சர் (இயற்கையின் போக்கைப் பார்த்துத் தோட்டத்தை வடிவமைக்கும் முறை) தோட்டப் படங்களில் வரும் வட்டப் பாத்திகளைப் பார்த்து மயங்கித்தான் நானும் ஆரம்பித்தேன். காகிதத்தில் அழகாக வந்தது. மண்ணில் இறக்கினால் நடுவில் இருக்கும் செடிக்குக் கை எட்டவில்லை. கடைசியில் கைகொடுத்தது வாசல் கோலம்தான்.

7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி. கோலம் போடுபவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்கு: வரிசைக்கு 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளி, ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடு இடுக்கில் வரும், ஓரங்களை இணைத்தால் அறுகோணம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செடி. மிளகாய்க்கு 45 செ.மீ. இடைவெளி வைத்தேன். மண்ணைக் கிளறி எரு போடுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

நான் மாட்டிக்கொண்டது புள்ளி வைப்பதில். செடிக்குச் செடி 45 என்றால் வரிசைக்கு வரிசையும் 45 என்று அளந்து குச்சி நட்டேன். பார்க்க வந்த அம்மா, "என்னடி இது, இடைப்புள்ளின்னுட்டு இப்படி இழுத்து வெச்சிருக்கே? புள்ளி இடுக்குல உக்காரவே இல்லையே" என்றாள். அளந்து பார்த்தால் அவள் சொன்னது சரி. எல்லாப் பக்கமும் 45 வர வேண்டுமானால் வரிசைகளுக்கு நடுவே 39 செ.மீ.தான் இருக்க வேண்டும். அந்த 6 செ.மீ.யை நெருக்கினால்தான், சதுரமாக நடுவதைவிட ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாகச் செடி பிடிக்கும். நெருக்காவிட்டால் தள்ளித் தள்ளி நட்டும் லாபமே இல்லை. தப்புக்குக் காரணம் கட்டம் போட்ட நோட்டு. அதில் வரைந்தால் கை தானாகச் சதுரத்துக்குப் போய்விடுகிறது.

இப்போது டேப்பை எடுப்பதே இல்லை. கொத்தனார் பயன்படுத்தும் நைலான் நூலில் 135 செ.மீ. சுற்றளவுக்கு ஒரு வளையம், 45க்கு ஒன்றாக மூன்று முடிச்சு. மூன்று முடிச்சையும் இழுத்துப் பிடித்தால் முக்கோணம். இரண்டு முடிச்சை நட்ட குச்சிகளில் மாட்டினால், மூன்றாவது நிற்கும் இடம்தான் அடுத்த புள்ளி. சணல் வேண்டாம், நனைந்தால் சுருங்கும்.

அப்புறம் வழி. நடு வரிசையில் 7 புள்ளி இருக்கிறதல்லவா, ஒரு ஓரத்திலிருந்து 4 புள்ளியை அழித்துவிடுங்கள். பாத்தியின் நடு வரைக்கும் போய் உட்கார இடம் கிடைக்கும். எந்தச் செடியும் கைக்கு எட்டும். பெர்மாகல்ச்சர்காரர்கள் சாவித்துளைப் பாத்தி என்பது இதைத்தான். நாலு செடி போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், போகட்டும். மிச்சம் 33. அதில் ஐந்து மூலைகளுக்குத் துலுக்கச் சாமந்தி வைத்தேன். வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கு அது ஆகாது, கோலத்துக்குக் கலர் கொடுத்த மாதிரியும் ஆயிற்று.

பெர்மாகல்ச்சரைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டேவிட் ஹோல்ம்கிரன் வகுத்த 12 கொள்கைகளில், முதலில் வடிவம், பிறகு விவரம் என்பதும் ஒன்று. புள்ளி வைத்துவிட்டுக் கோடு இழுப்பவர்களுக்கு அது புதுசு இல்லை. ஆனால் அந்தப் படங்களில் வரும் மூலிகைச் சுருளை, அதாவது கல் அடுக்கிச் சுருளாக மேலே ஏறும் மூலிகைப் பாத்தியை மட்டும் நான் கட்ட மாட்டேன். நம் வெயிலில் கல் சுட்டு, கொத்தமல்லி கருகிவிடும்.

பின்சேர்க்கை: களிமண் நிலத்தில் இதைச் செய்த ஒருவர், மழைக்கு வழியெல்லாம் குளமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். வழியின் வாய் பள்ளமான பக்கம் திறந்திருந்தால் தண்ணீர் வடிந்துவிடும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இடமென்றால் மேட்டுப் பக்கம் திறந்து வையுங்கள், ஓடிவரும் மழைநீர் உள்ளே வந்து நிற்கும். சொட்டுநீர்க் குழாய் போட்டவருக்குத் துளைகள் செடிக்கு நேராக வரவில்லையாம். 45 செ.மீ.க்கு ஒரு துளை உள்ள குழாயே போதும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைக் குழாயை 22.5 செ.மீ. தள்ளிப் போட்டால் சரியாகிவிடும்.