பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியைப் பார்த்தீர்களா? அமெரிக்காவிலிருந்து ஸ்காண்டினேவியாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். ஸ்வீடனில் இலையுதிர்காலச் சேர்க்கைக்கான விண்ணப்பம் ஜனவரி நடுவில் முடிகிறது. நியூ ஜெர்சியில் என் பெற்றோருக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகள், அவர்களுடைய வகுப்புத் தோழர்கள், யாரோ சொல்லி என் எண்ணைக் கேட்டு வாங்கியவர்கள் எனப் பலர் அழைப்பார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: ஸ்காண்டினேவியாவில் படிக்க வேண்டும், முடிந்தால் அங்கேயே வாழ்ந்துவிட வேண்டும்.

ஆசையில் எந்தத் தவறும் இல்லை. நானும் அதே ஆசையோடு 2013 ஆகஸ்டில், 19 வயதில், நியூ ஜெர்சியிலிருந்து ஸ்வீடனுக்கு வந்தவன். இங்கேயே வேலை, இங்கேயே குடும்பம் என்றாகிவிட்டது. ஆனால் நான் தடுக்கி விழுந்த அதே கல்லில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் விழுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. குளிர், இருட்டு, விலைவாசி பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை நீங்களே தெரிந்துகொள்வீர்கள், சமாளித்தும் விடுவீர்கள்.

“நார்வேயில் இலவசமாமே?”

ஒரு காலத்தில் இலவசம்தான். இப்போது இல்லை. ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு டென்மார்க் 2006இல் கட்டணம் கொண்டுவந்தது. ஸ்வீடன் 2011இல் கொண்டுவந்தது. கடைசிவரை தாக்குப்பிடித்த நார்வேயும் 2023 இலையுதிர்காலத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களின் இலவசக் கதவை மூடிவிட்டது. ஸ்வீடனில் பெரும்பாலான படிப்புகளுக்கு ஆண்டுக்கு 80,000 குரோனரிலிருந்து ஏறத்தாழ 3 லட்சம் குரோனர் வரை ஆகும். பத்து ஆண்டுகளுக்கு முன் படித்துவிட்டுப் போன உறவினர் சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். தாத்தா பாட்டி வழியில் அயர்லாந்து அல்லது இத்தாலியக் குடியுரிமை பெற வாய்ப்புள்ள தோழர்கள் இருந்தால், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் கட்டணமே கிடையாது. முனைவர் பட்டம் தனிக் கணக்கு: மூன்று நாடுகளிலும் அது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை.

பள்ளிச் சான்றிதழ் மட்டும் போதும் என்று நினைப்பது

டென்மார்க்குக்கும் நார்வேக்கும் போதாது. பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகளான ஏபி தேர்வுகள் வேண்டும், இல்லையென்றால் ஓராண்டுக் கல்லூரிப் படிப்பு வேண்டும்.

விருப்ப வரிசையை ஏனோதானோவென்று போடுவது

ஸ்வீடனில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே விண்ணப்பம், 900 குரோனர். முதல் விருப்பம் கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை தாமாகவே நீங்கிவிடும். உண்மையிலேயே வேண்டியதை மேலே போடுங்கள்.

பாஸ்போர்ட்டின் கடைசித் தேதி

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு தவறுக்காகத்தான்.

எனக்கு 9 வயதாக இருக்கும்போது எங்கள் குடும்பம் திருச்சியிலிருந்து அமெரிக்கா போனது. 2009இல் அப்பாவும் அம்மாவும் குடியுரிமை பெற்றார்கள், அவர்களோடு எனக்கும் வந்தது. அந்த ஜூனில் எனக்குப் புதிய நீல நிறப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். அப்போது எனக்கு 15 வயது, 16 முடிய மூன்றே மாதம் இருந்தது. அமெரிக்காவில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரும் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லும், 16 ஆகிவிட்டால் பத்தாண்டு. இது வீட்டில் யாருடைய கவனத்திலும் நிற்கவில்லை. அம்மாவின் பாஸ்போர்ட்டில் 2019 என்று இருந்தது, என்னுடையதிலும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

2013இல் மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. கட்டணம் கட்டி, வங்கிக் கணக்கு விவரம் இணைத்து, குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தேன். அனுமதியும் வந்தது. முடிவுக் கடிதத்தில் ‘அனுமதி’ என்ற சொல்லைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். அதற்குக் கீழே இருந்த தேதியை நான் படிக்கவில்லை. ஜூன் 2014 வரை என்று இருந்தது. ஸ்வீடன் தரும் அனுமதி பாஸ்போர்ட் செல்லும் நாளைத் தாண்டிப் போகாது. எனக்குக் கிடைத்தது பத்தே மாதம்.

பத்து மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றும். ஸ்வீடனில் அந்த இரண்டு மாதம் ஒரு மதில்சுவர். குறைந்தது ஓராண்டு வசிக்கப் போகிறவரைத்தான் இந்த நாடு தன் மக்கள்தொகைப் பதிவேட்டில் சேர்க்கிறது. பதிவு செய்யும் வேலையை வரித்துறை பார்க்கிறது. பதிவானால் பிறந்த தேதியோடு நான்கு இலக்கங்கள் சேர்த்து ஒரு தனிநபர் எண் தருவார்கள். இங்குள்ள வாழ்க்கை முழுவதும் அந்த நான்கு இலக்கத்தில் தொங்குகிறது. எண் இருந்தால்தான் பேங்க்ஐடி என்ற மின் அடையாளம் எளிதில் கிடைக்கும். பேங்க்ஐடி இருந்தால்தான் ஸ்விஷ் மூலம் பணம் அனுப்ப முடியும். உள்ளூர்க்காரர் செலுத்தும் மருத்துவக் கட்டணம், தொலைபேசி ஒப்பந்தம், அரசு இலவசமாக நடத்தும் ஸ்வீடிஷ் மொழி வகுப்பு எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி அந்த எண்தான்.

பதிவு செய்யப் போன அன்று, சாளரத்தின் பின்னால் இருந்த அம்மையார் என் அனுமதி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தேதியின் கீழ் பேனா முனையை வைத்து, விரல்விட்டு மாதங்களை எண்ணிக் காட்டினார். செப்டம்பர், அக்டோபர் என்று தொடங்கி ஜூனில் பத்தாவது விரல் மடங்கியது. மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார், விதிப்படிதான் சொன்னார். எனக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

பிறகு ஒரு பகுதிநேர வேலைக்காக வரி கட்டும் தேவைக்கு ஒருங்கிணைப்பு எண் என்ற மாற்று எண் வந்தது. அதில் பிறந்த நாளோடு 60ஐக் கூட்டி எழுதுவார்கள். நான் பிறந்தது 14ஆம் தேதி, அந்தக் காகிதத்தில் 74 என்று இருந்தது. எண்ணைப் பார்த்தவுடனேயே நான் பதிவேட்டில் இல்லாதவன் என்று யாருக்கும் தெரிந்துவிடும். வங்கிக் கணக்கு திறக்க இரண்டு மாதம் இழுத்தது, அதிலும் பேங்க்ஐடி கிடையாது. அதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. விடுதியின் பொதுச் சமையலறையில் வெள்ளிக்கிழமை கூட்டாகச் சமைப்போம். மற்றவர்கள் நொடியில் ஸ்விஷ் செய்வார்கள். நான் சில்லறையை எண்ணி மேசையில் வைப்பேன், அதை எடுத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியாது.

பாஸ்போர்ட்டை ஸ்டாக்ஹோம் அமெரிக்கத் தூதரகத்தில் புதுப்பித்தேன். நீட்டிப்புக்கு விண்ணப்பித்தேன். முடிவு வர அக்டோபர் ஆயிற்று. பழைய அனுமதி முடிந்து புதியது வராத அந்த மாதங்களில் ஸ்வீடனில் தங்கியிருக்கலாம், வெளியே போனால் திரும்பி நுழைவது உறுதியில்லை. அந்தச் செப்டம்பரில் திருக்கடையூரில் என் தாத்தாவுக்குச் சதாபிஷேகம். பேரப்பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படத்தில் நான் இல்லை. திருச்சி வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் இன்றும் மாட்டியிருக்கிறது.

தனிநபர் எண் கைக்கு வந்தது 2014 நவம்பரில். வந்திறங்கி 15 மாதம் கழித்து! அரசு மொழி வகுப்பில் சேர்ந்ததும் அதன்பிறகுதான்.

இவ்வளவுக்கும் மருந்து என்ன? விண்ணப்பிக்கும் முன் பாஸ்போர்ட்டைத் திறந்து ஒரு தேதியைப் பார்ப்பது. அவ்வளவுதான்.

16 வயதுக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டை அஞ்சலில் புதுப்பிக்க முடியாது. டிஎஸ்-11 படிவத்தோடு நேரில் போக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால், பல்கலைக்கழக விண்ணப்பம் போடும் மாதத்திலேயே அதையும் முடித்துவிடுங்கள். குடியிருப்பு அனுமதி வந்த அன்று தொடக்க நாளையும் முடிவு நாளையும் காலண்டரில் வட்டமிட்டுப் பன்னிரண்டு மாதம் நிறைகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் சரியாக இருந்தாலும் அனுமதி பத்து மாதத்தில் முடியலாம். இங்கேயே வாழும் எண்ணம் இருப்பவர்கள் இரண்டாண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். நார்வேயில் ஆறு மாதம் தங்கினாலே பதிவு, டென்மார்க்கில் மூன்று மாதத்தைத் தாண்டினால் பதிவு. ஸ்வீடனில்தான் இந்த ஓராண்டுக் கோடு.

போன வாரம் நியூ ஜெர்சியின் எடிசன் நகரிலிருந்து 18 வயதுப் பெண் ஒருத்தி அழைத்தாள். முதல் கேள்வியாகப் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னேன். “அண்ணா, அது இருக்கிறது, அதெல்லாம் பிரச்சினை இல்லை” என்றாள். “எடுத்துக்கொண்டு வா அம்மா” என்றேன். கேமராவுக்கு நேரே பிடித்தாள். 14 வயதில் எடுத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் முடிகிறது.

பாடக் கட்டணத்துக்கு அமெரிக்கக் கடனை நம்புவது

அமெரிக்க அரசு தரும் பெல் உதவித்தொகை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடையாது. கூட்டரசின் நேரடிக் கடன், அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உண்டு. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: ஸ்வீடனில் அனுமதி பெற முதல் தவணைக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும், கடன் பணமோ செமஸ்டர் தொடங்கும் சமயத்தில்தான் வரும். இடைப்பட்ட காலத்துக்குக் கையில் பணம் வேண்டும். இடம் கிடைத்த அன்றே பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். பிழைப்புச் செலவுக்கான தொகையும் காட்ட வேண்டும், 2025இல் அது மாதம் 10,584 குரோனர்.

விசா இல்லாமல் 90 நாள் போகலாமே, போய் விண்ணப்பித்துக்கொள்ளலாம்

ஸ்வீடனுக்குச் செய்யாதீர்கள். அனுமதி கைக்கு வந்த பிறகே விமானம் ஏறுங்கள்.

பார்க்காத வீட்டுக்கு முன்பணம்

கூடாது.

“எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள்”

பேசுகிறார்கள், மிக நன்றாகவே பேசுகிறார்கள். அதனால்தான் ஆபத்து. கடையில் தடுமாறி ஒரு ஸ்வீடிஷ் வாக்கியம் சொன்னால் பதில் ஆங்கிலத்தில் வரும், நமக்கும் அது வசதியாகப் போய்விடும். இரண்டாண்டு கழித்து வேலை தேடும்போது பெரும்பாலான விளம்பரங்கள் ஸ்வீடிஷ் கேட்கும். அலுவலகத்தில் மதிய உணவு மேசையில் நடக்கும் பேச்சு ஸ்வீடிஷில் இருக்கும். என் வீட்டில் அம்மா தமிழை விடாப்பிடியாகக் காப்பாற்றியதால் ஒரு மொழி இல்லாமல் ஒரு ஊர் நமக்குச் சொந்தமாகாது என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் முதல் ஆண்டை விட்டுவிட்டேன். ஆங்கிலத்துக்கு மாறுகிறவரிடம் தயங்காமல், “பழகுகிறேன், ஸ்வீடிஷிலேயே பேசுங்கள்” என்று சொல்லுங்கள். மகிழ்ச்சியாகப் பேசுவார்கள்.

படித்த ஆண்டுகள் நிரந்தரக் குடியிருப்புக்குச் சேரும் என்று எண்ணுவது

சேராது. ஸ்வீடனில் மாணவர் அனுமதியில் இருந்த காலம் நிரந்தர அனுமதிக்குக் கணக்கில் வராது, முனைவர் பட்ட ஆய்வாளர்களின் காலம் தவிர. நார்வேயிலும் மாணவர் ஆண்டுகள் சேராது. படிப்பு முடிந்ததும் வேலை தேட ஸ்வீடனில் 12 மாதம் வரை அனுமதி உண்டு. மாணவர் அனுமதி முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும், பிழைப்புக்கான பணத்தை மறுபடியும் காட்ட வேண்டும். கடைசி செமஸ்டரில் சேமிப்பு கரைந்துபோய் நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொகையை முதல் நாளிலிருந்தே தொடாமல் தனியே வையுங்கள்.

அமெரிக்க வரி கூடவே வரும்

நாட்டைவிட்டுப் போனாலும், வருமானம் வரம்பைத் தாண்டிய ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்கக் குடிமகன் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வரிப் படிவம் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை தானாகவே அவகாசம் உண்டு. மாணவர்கள் தவறவிடுவது இன்னொன்றை: வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள மொத்தத் தொகை ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பிஏஆர் அறிக்கை கொடுக்க வேண்டும். வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை, தெரிவித்தால் போதும். ஓராண்டுப் பிழைப்புச் செலவை, அதாவது 2025 கணக்குப்படி 1,27,008 குரோனரை, ஒரே முறையில் ஸ்வீடன் கணக்குக்கு மாற்றினாலே அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். கெடு ஏப்ரல் 15, தவறினால் அக்டோபர் 15 வரை நீட்டிப்பு தானாகவே கிடைக்கும். மறைத்ததாகக் கருதப்பட்டால் அபராதம் பயங்கரமானது.

வேலை கிடைத்த பிறகு ஸ்வீடன் நண்பர்கள் எல்லோரும் ஐஎஸ்கே என்ற முதலீட்டுச் சேமிப்புக் கணக்கைத் திறந்து பரஸ்பர நிதி வாங்கச் சொல்வார்கள். 2012இல் வந்த அந்தக் கணக்கு அவர்களுக்கு நல்ல ஏற்பாடு. அமெரிக்கச் சட்டமோ அந்த நிதிகளை வேறு கண்ணோடு பார்க்கிறது: ஒவ்வொரு நிதிக்கும் 8621 என்ற தனிப் படிவம், கடுமையான வரி. அமெரிக்கர்கள் என்றாலே முதலீட்டுக் கணக்குத் தர மறுக்கும் வங்கிகளும் உண்டு. இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஆலோசகரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அமெரிக்கத் தொலைபேசி எண்ணை விட்டுவிடுவது

அமெரிக்க வங்கியின் ரகசியக் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும். மாதத்துக்குச் சில டாலரில் இருக்கும் மலிவான திட்டத்துக்கு மாற்றி, எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.